தகுதித் தொகையும் தாங்கும் தொகையும்: வல்லத்துச் சம்பளக்காரரின் வீட்டுக் கடன்

வீட்டுக் கடன் தகுதி விதிகளில் சாதி ஓர் அளவுகோல் அன்று. சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு, ஆதார், பான் அட்டை, பட்டா, வில்லங்கச் சான்று, சிபில் மதிப்பெண் ஆகியவற்றையே கேட்கிறார்கள். ஆயினும் ஒரே தொழிற்சாலையில் ஒரே சம்பளம் வாங்கும் இருவருள் ஒருவர் ஊர்த்தெருவிலிருந்தும் மற்றவர் காலனியிலிருந்தும் கடன் கேட்கச் சென்றால் இருவருக்கும் ஒரே கடன் கிடைப்பதில்லை. தொகை வேறுபடுகிறது, வட்டி வேறுபடுகிறது, பெரும்பாலும் கடன் கொடுக்கும் நிறுவனமே வேறுபடுகிறது. சம்பளச் சீட்டில் தெரியாத சாதி, நிலத்தின் ஆவணத்தில் தெரிந்துவிடுகிறது. இதைக் கணக்கில் கொள்ளாமல், "சம்பளத்தில் நாற்பது விழுக்காடு வரை தவணைக்கு ஒதுக்கலாம்" என்று வழங்கப்படும் ஆலோசனை நம் மக்களுக்குப் பயன்படாது. சில வேளைகளில் அது நேரடியாகத் தீங்கு செய்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தின் வல்லம் ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். செஞ்சி வட்டத்தில், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட வேளாண் பகுதி இது. (வல்லம் என்றதும் பலர் நினைப்பது திருப்பெரும்புதூர் அருகே உள்ள வல்லம்–வடகால் சிப்காட்டை. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி திறக்கப்பட்டது அந்த வல்லத்தில். அத்தகைய விடுதிகளின் கட்டில்களை நிரப்ப ஆட்களை அனுப்பும் வட மாவட்டங்களுள் ஒன்றில் இருக்கிறது இந்த வல்லம்.) 2011 கணக்கெடுப்பின்படி பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களில் ஒரு தலைமுறை இப்போது முதன்முறையாக மாதச் சம்பளம் வாங்குகிறது. செய்யாறு சிப்காட்டுக்கும் ஒரகடத்துக்கும் நிறுவனப் பேருந்தில் செல்வோர், தனியார் மருத்துவமனைச் செவிலியர், ஒப்பந்த ஓட்டுநர், உள்ளாட்சிப் பணியாளர் என்று பலரும் இதில் உண்டு. கூலிக்கு யாரும் கொடுக்காத வீட்டுக் கடனை, சம்பளச் சீட்டு வந்தவுடன் வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள்.

முதலில் நிறுவனம் போடும் கணக்கைப் பார்ப்போம். ஒருவருடைய மொத்தச் சம்பளம் 24,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு 1,800 போக, கைக்கு ஏறத்தாழ 22,000 வருகிறது. அதில் பாதியைத் தவணையாகக் கட்ட முடியும் என்று நிறுவனம் கொள்கிறது, அதாவது மாதம் 11,000. எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். எனவே அவருடைய "தகுதி" 12 லட்சத்து 68 ஆயிரம் என்று அச்சடித்த தாள் ஒன்று வருகிறது. பெரும்பாலான குடும்பங்களில் கணக்கு இத்துடன் முடிந்துவிடுகிறது. அந்தத் தொகைக்கு ஏற்ப மேஸ்திரி வரைபடம் போடுகிறார், மாடிப்படிக்கும் இடம் விடுகிறார்.

நிறுவனம் கணக்கிட்டது தன் பணம் திரும்புமா என்பதை மட்டுமே. தவணைக்குப் பிறகு மிஞ்சும் 11,000 ரூபாயில் ஐந்து பேர் எப்படி வாழ்வார்கள் என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை. ஆளுக்கு மாதம் 2,200, நாளொன்றுக்கு 73 ரூபாய். ஒன்றிய அரசின் 2022–23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு 5,310 ரூபாய் என்று வந்தது. ஐந்து பேருக்கு அது 26,550. அதாவது நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் தவணை ஏதும் கட்டாத நிலையிலேயே சராசரிக்குக் கீழே வாழ்கிறது. சராசரிக்கு மேலே இருக்கும் குடும்பத்திடம் பாதிச் சம்பளத்தை எடுப்பதும், கீழே இருக்கும் குடும்பத்திடம் பாதியை எடுப்பதும் ஒன்றாகா. விழுக்காட்டுக் கணக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆகவே தவணையை மேலிருந்து கீழே கணக்கிடாமல் கீழிருந்து மேலே கணக்கிட வேண்டும். ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன், ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தொகையை இட்டுப் பார்க்கலாம். நியாயவிலைக் கடை அரிசி இலவசமாகக் கிடைத்தும் மளிகை, காய்கறி, பால், கறிமீன் ஆகியவற்றுக்கு 8,500. எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் 1,200. பெட்ரோல், பேருந்துக்கு 1,800. இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு 1,800. பெற்றோரின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு 1,000. கைப்பேசிக்கு 600. மனைவி பெயரிலுள்ள குழுக்கடன் தவணைக்கு 2,200. சாவு, சடங்கு, மொய் ஆகியவற்றுக்கு 1,000. கூட்டினால் 18,100. மிச்சம் 3,900 ரூபாய். குழுக்கடனை முடித்த பிறகு மிச்சம் 6,100. அதில் 1,100 ரூபாயை அவசரத்துக்கென்று தனியே வைத்தால், தவணைக்கு 5,000. எட்டரை விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு அது தாங்கும் கடன் 5 லட்சத்து 76 ஆயிரம். நிறுவனம் சொன்ன தகுதித் தொகையில் பாதிகூட இல்லை.

மனைவியின் வருமானத்தைச் சேர்க்கலாமே என்பார்கள். கடன் முகவர்கள் நிச்சயம் சேர்ப்பார்கள், இணை விண்ணப்பதாரராக அவரிடம் கையெழுத்தும் பெறுவார்கள். களையெடுப்பும் நடவும் ஆண்டு முழுவதும் இல்லை. நூறு நாள் வேலையின் ஊதியம் எப்போது வரும் என்பது வேலை செய்பவருக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 1,056 கோடி ரூபாய் நிலுவையைக் கேட்டு முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மாதம் 5 ஆம் தேதி தவணை பிடிக்கும் வங்கிக்கு அந்தக் கடிதத்தைக் காட்ட முடியாது. தேதி உறுதியில்லாத வருமானம் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கவும் அசலை முன்கூட்டியே கொஞ்சம் அடைக்கவும் உதவும். தவணைக் கணக்கில் அதைச் சேர்க்கலாகாது.

சட்டத்திலும் ஒரு முரண் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தரப்படும் கடன் நுண்கடன். மாதம் 24,000 என்றால் ஆண்டுக்கு 2 லட்சத்து 88 ஆயிரம், ஆகவே நம் குடும்பம் அந்த வரையறைக்குள் வருகிறது. நுண்கடன் கொடுக்கும்போது, குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று அந்நெறிமுறை உச்ச வரம்பு வைக்கிறது. இருபதாயிரம் ரூபாய் குழுக்கடனுக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, அதே குடும்பம் வீட்டை ஈடு வைத்துப் பத்து லட்சம் வாங்கும்போது இல்லை. அங்கே எவ்வளவு விழுக்காடு என்பது நிறுவனத்தின் கொள்கை முடிவு. ஈடு இருப்பதால் கடனாளியைப் பாதுகாக்கத் தேவையில்லை என்று இதற்குப் பொருள். ஈடு யாரைப் பாதுகாக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது.

மனை பேசும் சாதி

இதுவரை எட்டரை விழுக்காடு என்றே கணக்கிட்டோம். அது பொதுத்துறை வங்கியின் வாசலைத் தாண்ட முடிந்தவருக்கான வட்டி. காலனி மனையோடு அந்த வாசலைத் தாண்டுவது கடினம்.

நம் மக்களின் குடியிருப்பு மனைகள் பெரும்பாலும் மூன்று வகையாக வந்தவை. முதலாவது, தலைமுறையாக இருக்கும் நத்தம். பாட்டனார் பெயரில் ஒரு நத்தம் பட்டா இருக்கும், அல்லது அதுவும் இராது. பாகப்பிரிவினைப் பத்திரம் இராது, நான்கு சகோதரர்கள் நான்கு வீடு கட்டியிருப்பார்கள், வாரிசுச் சான்று யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். இரண்டாவது, ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்துக் கொடுத்த இலவச மனை. இதற்கெனவே 1978 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பட்டா என்று ஒரு தாள் கையில் இருக்கும். ஆனால் மனை அளந்து கல் நடப்பட்டதா, வட்டக் கணக்கில் பெயர் ஏறியதா என்று பார்த்தால் பல இடங்களில் இல்லை. ஏறியிருந்தாலும், குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் ஒப்படை ஆணையில் இருக்கும். மூன்றாவது, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் 1891 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1892 இல் வெளியான அரசாணையின்வழி வந்தது. முதல் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்க முடியாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதார்க்கு மாற்ற முடியாது.

வங்கியின் சட்ட ஆலோசகர் இவற்றைப் பார்த்ததும் "உரிமைமூலம் தெளிவில்லை" என்று எழுதுகிறார். அவர் பொய் எழுதவில்லை. ஊர்த்தெருக்காரருக்குத் தாத்தா காலக் கிரயப் பத்திரம் இருக்கிறது, நம்மவருக்கு அரசு கொடுத்த தாள் இருக்கிறது. அரசு கொடுத்த தாளை அரசுடைமை வங்கி ஏற்க மறுக்கிறது. இதன் பிறகு மனையின் சந்தை மதிப்பு என்ற கேள்வி வருகிறது. காலனிக்குள் இருக்கும் வீட்டை ஊர்த்தெருவார் எவரும் வாங்க வர மாட்டார்கள் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும். வாங்குவோர் குறைவு என்பதால் மதிப்பைக் குறைத்து எழுதுகிறார். 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மதிப்பையே குறைத்து எழுதிவிட்டால் அந்த 90 விழுக்காட்டால் பயன் இல்லை. கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தாக்கப்பட்டு, 2023 இல் மேல்பாதிக் கோயிலே பூட்டிச் சீல் வைக்கப்பட்ட மாவட்டத்தில், வீட்டுச் சந்தை மட்டும் சாதி பார்க்காது என்று நம்ப இடமில்லை.

வங்கி மறுத்தவரைத் தேடி வருவன வீட்டுவசதி நிதி நிறுவனங்கள். நத்தம் பட்டாவையும் அவை ஏற்கும், சிபில் குறைவையும் பொறுக்கும். அதற்கு ஈடாக 12, 13, 14 விழுக்காடு வட்டி கேட்கும். நம் கணக்கைப் 13 விழுக்காட்டில் திரும்பப் போட்டால், ஒரு லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை 1,172 ரூபாய். மாதம் 5,000 கட்டக்கூடிய குடும்பம் வாங்கத்தக்க கடன் 4 லட்சத்து 27 ஆயிரமாகச் சுருங்குகிறது. வேறொரு விதமாகப் பார்த்தால், பத்து லட்சம் கடனுக்கு வங்கியில் மாதம் 8,678 கட்டுபவர் இங்கே 11,716 கட்டுகிறார். மாதம் 3,038 ரூபாய், இருபது ஆண்டில் 7 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய் கூடுதல். ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே அளவு வீடு. இந்த ஏழு லட்சம் எந்தக் குற்றத்துக்கான தண்டம் என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படியே நடந்திருக்கிறார்கள்.

அரசு உதவி இருக்கிறதே என்று கேட்கலாம். குடிசையில் வாழ்வோருக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் மதிப்பு வைத்திருக்கிறார்கள், குடிசை இல்லாதவருக்கு அது பொருந்தாது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குடும்பத்தில் ஒருவர் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் ஈட்டினாலே தகுதி போய்விடும். 2024 க்கு முன் அந்த வரம்பு 10,000. நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. 25 லட்சம் வரையிலான கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு, அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அது நகராட்சி, பேரூராட்சி, அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிகளுக்கானது. ஆக, திண்டிவனம் நகராட்சிக்குள் வீடு வாங்குபவருக்கு மானியம் கிடைக்கலாம், வல்லம் ஒன்றியத்தின் காலனியில் தம் மனையிலேயே கட்டுபவருக்குக் கிடைக்காது. ஏழை என்பதற்குச் சம்பளம் கூடுதல், கடன்காரர் என்பதற்கு ஊர் சிறியது என்ற இடுக்கில் சம்பளம் வாங்கும் கிராமத்துத் தலித் குடும்பம் சிக்கியிருக்கிறது.

சரி, திண்டிவனத்திலேயே வாங்கிவிடலாமே என்ற யோசனைக்கும் செலவு உண்டு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும். வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் இந்தச் செலவைச் சொத்து மதிப்பில் சேர்த்துக் கடன் தர மாட்டார்கள், கையிலிருந்துதான் போட வேண்டும். கையில் இல்லாதவர் நகையை வைக்கிறார், அல்லது ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்கிறார். வீட்டுக் கடன் தொடங்குமுன்பே இரண்டாவது கடன் தொடங்கிவிடுகிறது. நகரத்தில் வாடகைக்கு இருக்கலாமே என்பதும் நல்ல யோசனைதான், பெயரையும் ஊரையும் தெருவையும் கேட்டுவிட்டு "வீடு காலியில்லை" என்று சொல்லாத நகரத்தில். வாடகையையும் தவணையையும் ஒப்பிட்டு முடிவெடு என்னும் பொருளியல் அறிவுரை, வாடகை வீடு எல்லாருக்கும் கிடைக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. நம்மவர் சொந்த வீட்டுக்குத் துடிப்பதை வெறும் ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் துடிப்பைத்தான் கடன் முகவர் விலையாக்குகிறார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

தவணை அசையும்

பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டியில் தரப்படுபவை. கையெழுத்திடும் நாளின் தவணையை வைத்து இருபது ஆண்டைத் தாங்க முடியும் என்று முடிவு செய்வது தவறு. 2020 மே முதல் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதம், 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.50 விழுக்காடாக உயர்ந்தது. பத்தே மாதத்தில் இரண்டரை விழுக்காட்டுப் புள்ளி உயர்வு. 7 விழுக்காட்டில் 20 ஆண்டுக்குப் பத்து லட்சம் வாங்கியவரின் தவணை 7,753. ஓராண்டு ஒழுங்காகக் கட்டிய பின் அசல் 9 லட்சத்து 76 ஆயிரம் நிற்கும். அப்போது வட்டி 9.5 விழுக்காடு ஆனால், அந்த மாத வட்டி மட்டும் 7,728 ரூபாய். தவணையை மாற்றாமல் விட்டால் அசலுக்குப் போவது 25 ரூபாய். அவர் ஏமாற்றவில்லை, ஒரு தவணையும் தவறவில்லை. ஆயினும் கடன் நகரவில்லை.

இப்படித் தவணையை மாற்றாமல் ஆண்டுகளைச் சத்தமின்றி நீட்டியதைப் பற்றிப் புகார்கள் பெருகிய பின்னரே, 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையோ காலமோ எவ்வளவு மாறும் என்று கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும், தவணையை உயர்த்துவதா காலத்தை நீட்டுவதா என்பதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்பது விதி, பெரும்பாலும் அது ரெப்போ. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே ரெப்போ ஒரு விழுக்காட்டுப் புள்ளி குறைந்தபோது, வங்கிக் கடனாளிக்கு அது தானே வந்து சேரும். நிதி நிறுவனத்தின் கடனாளி அந்நிறுவனம் எப்போது குறைக்குமோ என்று காத்திருக்க வேண்டும். எந்தக் கடனையும் எடுக்குமுன், வட்டி இரண்டரைப் புள்ளி உயர்ந்தால் தவணை எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையைக் கட்ட இயலாதென்றால் இன்றைய தவணையையும் தாங்க இயலாது என்றே கொள்ள வேண்டும்.

கடனோடு ஒட்டி வரும் காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். 60,000 ரூபாய் ஒற்றைப் பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிட்டு, "இது கட்டாயம்" என்பார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. 13 விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு அந்த 60,000 மாதம் 703 ரூபாயாக, மொத்தம் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. குடும்பத் தலைவருக்குக் காப்பீடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, தனியாக ஆண்டுப் பிரீமியத்தில் எடுத்தால் போதும். 2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும், அது கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். தமிழில் அதைக் கேட்டு வாங்கி ஒரு நாள் வீட்டில் வைத்துப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். அலுவலகத்தில் கேட்டால் முகம் சுளிப்பார்கள், கேளுங்கள்.

தொண்ணூறு நாள்

சாதிச் சமூகத்தில் சம்பளம் ஒன்றே எல்லாமும் அன்று. ஊர்த்தெருக் குடும்பத்தில் ஒருவர் வேலையிழந்தால் அரை ஏக்கரைக் குத்தகைக்கு விடலாம், மாமனாரிடம் கேட்கலாம், சொந்தச் சாதிச் சங்கத்தின் நிதி நிறுவனத்தில் கைமாற்று வாங்கலாம். நம் குடும்பத்தில் சம்பளக்காரர் ஒருவரே, அவரை நம்பித்தான் மற்ற உறவினர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலைநீக்க ஆணைகூடத் தர மாட்டார்கள், அடுத்த மாதம் பேருந்து வந்து நிற்காது, அவ்வளவுதான். ஆகவே ஒரு கடன் தாங்கத்தக்கதா என்பதை அளக்க நான் பயன்படுத்தும் கேள்வி, சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தவணை கட்ட முடியும் என்பது. ஆறு மாதத் தவணை கையிருப்பில் இல்லாமல் கடனில் இறங்குவது ஆபத்து. ஏனெனில் சட்டம் தரும் காலம் மூன்று மாதம்.

தவணை 90 நாள் நிலுவையானால் கணக்கு வாராக்கடனாகிறது. 2002 ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் அறிவிப்பு வருகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். அதை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தப்பிக்க முடியாது. வாங்கிக்கொண்டு 13(3அ) பிரிவின்கீழ் எழுத்து மூலம் மறுப்பு அனுப்ப வேண்டும், நிறுவனம் 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். அந்தக் காலத்துக்குள் நிலுவை முழுவதையும் கட்டிவிட்டால் கணக்கு ஒழுங்காகும். முழுக் கடனையும் கட்டத் தேவையில்லை, நிலுவையைக் கட்டினால் போதும். இந்த வேறுபாடு தெரியாமல் வீட்டைக் கைவிட்டவர்களின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அறிவிப்புக்குப் பிறகு 13(4) நடவடிக்கை, அதன் பின் 14 ஆம் பிரிவின்கீழ் உடைமை எடுக்க உதவி கேட்டு மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனு. விழாவில் மனைப்பட்டா வழங்கும் அதே ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வீட்டைப் பூட்டும் ஆணையும் வெளிவரலாம்.

உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, 34 ஆம் பிரிவு தடுக்கிறது. 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும், விழுப்புரம் மாவட்டத்துக்காரருக்கு அது சென்னையில் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். அங்கே தோற்று மேல்முறையீடு போனால் கடனில் பாதியை, குறைத்தாலும் கால் பங்கை, முன்வைப்பாகக் கட்டச் சொல்வார்கள். வேளாண் நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்ற விலக்கு 31 ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது வேளாண் நிலம்தான் என்று நிறுவும் பொறுப்பு கடனாளியுடையது. ஏலத்தில் காலனி வீடு என்ன விலைக்குப் போகும் என்பதை மதிப்பீட்டாளர் முன்பே சொல்லிவிட்டார். ஏலத் தொகை போதாவிட்டால் மிச்சக் கடனையும் வசூலிக்கலாம். வீடும் போய், கடனும் நிற்கும்.

இந்த இடத்தில் நம் இயக்கங்களுக்குள்ளேயே எழும் ஒரு கோரிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சமி நிலத்துக்கும் இலவச மனைக்கும் உள்ள நிபந்தனைகளை நீக்கினால் வங்கிக் கடன் எளிதாகும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1994 இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தது, அந்த நிலம் நூறாண்டுக்குப் பிறகும் நம்முடையது என்று சொல்ல ஒரு நிபந்தனை எழுத்தில் இருந்ததால்தான். அதை நீக்கினால் நிலம் ஈடாகும், ஈடு ஏலமாகும், ஏலத்தில் யார் வாங்குவார் என்பது வெளிப்படை. அதிகாரத்தால் பறிக்க முடியாததைத் தவணையால் பறிக்க வழி திறக்க வேண்டியதில்லை. குடியிருப்பு மனைக்கும் சாகுபடி நிலத்துக்கும் வேறுபாடு காட்டலாம், காலம் முடிந்த மனை நிபந்தனைகளை வட்டாட்சியர் தாமே நீக்கி ஆணையிடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நிலத்தை ஈடாக்குவதற்கு மாற்று, அரசு உத்தரவாதம். தாட்கோ என்று நாம் சுருக்கி அழைக்கும் நிறுவனத்தின் முழுப்பெயரில் "வீட்டுவசதி" என்ற சொல் 1974 முதல் இருக்கிறது. இன்று அதன் வாசலில் நிற்பவர் பெரும்பாலும் தொழிற்கடனுக்கும் வாகனக் கடனுக்கும் நிற்கிறார். மாதம் 15,000 முதல் 30,000 வரை சம்பளம் வாங்கும் கிராமத்துப் பட்டியல் சாதியினருக்கு, ஐந்து லட்சம் வரை, கூட்டுறவு வங்கி வழியாக, தாட்கோ உத்தரவாதத்தில் வங்கி வட்டிக்கே கடன் தர முடியும். மேலே போட்ட கணக்கில் அந்தக் குடும்பம் தாங்கக்கூடியதாக வந்த தொகையும் ஏறக்குறைய அதுதான். 2024 இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இதற்கான நிதியை ஒதுக்க வழி வைத்திருக்கிறது.

அது வரும்வரை, வல்லம் ஒன்றியக் கிளைகள் உடனே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு காலனியிலும் மனைப்பட்டா வைத்திருப்போரின் பட்டியலை எடுத்து, வட்டக் கணக்கில் யார் பெயர் ஏறியிருக்கிறது, யார் மனை அளக்கப்படவில்லை, எந்த ஒப்படை ஆணையில் நிபந்தனைக் காலம் முடிந்துவிட்டது என்று பிரித்தெழுதி, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் தனித்தனி மனுவாகக் கொடுத்துப் பதிவெண் பெற வேண்டும். நத்தத்தில் வாரிசுச் சான்றும் பாகப்பிரிவினையும் முடிக்காத குடும்பங்கள் அதைக் கடன் கேட்குமுன் முடிக்க வேண்டும், கடன் முகவர் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வதற்கு முன்பு. பெயர் கணக்கில் ஏறிய மனைக்கும் ஏறாத மனைக்கும் இடையே உள்ள வேறுபாடு, பத்து லட்சம் கடனில் மாதம் 3,038 ரூபாய்.